சபை ஜெபித்த காகிதம்

எனக்கு என்.ஓ.சி. கிடைக்க வேண்டும் என்று குன்னூரில் எங்கள் சபை இருபது ஞாயிற்றுக்கிழமைகள் ஜெபித்தது. அதில் பத்தொன்பது ஞாயிறு நான் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அது 1980. நான் வெலிங்டனில் ராணுவத்தைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் சிவிலியன் கிளார்க். என் மனைவி தபித்தாள் குன்னூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. அந்த வருஷம் பிப்ரவரியில் நைஜீரியாவுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு அவளும் நானும் சேர்ந்துதான் மெட்ராஸுக்குப் போனோம். நேர்முகத்துக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்து கொடுத்தவனே நான்தான். வேலை கிடைக்காது என்ற தைரியத்தில் நன்றாகத் தட்டச்சு செய்தேன்.

கிடைத்துவிட்டது.

ஏப்ரலில் தடிமனான ஓர் உறை வந்தது. அவளுக்கு வேலை விசா. கூடவே, கணவரும் வரலாம், அவருக்குத் துணைவர் விசா தருவோம், குடும்ப வீடு தருவோம் என்று ஒரு கடிதம். தபித்தாள் அதை அடுப்படியில் நின்றபடி மூன்று தரம் படித்தாள். சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் போலாமுங்க. நீங்க சம்பளமில்லாத லீவு போட்டுட்டு வாங்க. அங்க போயி உங்களுக்கும் ஏதாச்சும் பார்த்துக்கலாம்."

"போலாம், போலாம்" என்றேன்.

துணைவர் விசாவுக்கான படிவத்தை அன்று மாலையே எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்கு மேலே, இன்னாரைச் சார்ந்திருப்பவர் என்று அச்சடித்திருந்தது. அடுத்த கட்டத்தில் 'உம்மைப் பராமரிப்பவர்' என்று கேட்டு, அதில் அவள் தன் பெயரை அழகாக எழுதியிருந்தாள். எங்கள் ஆபீஸில் யார் எந்தக் கடிதம் எழுத வேண்டுமானாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். பெரிய ஆபீசர்களே என் டிராப்டில் கை வைக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவன் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் பக்கத்து மேஜை பொன்ராஜ் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

"அப்போ அக்கா வேலைக்குப் போவாங்க, நீங்க ஊட்ல சோறாக்கி வெப்பீங்க. அப்படித்தானுங்க?"

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டுப் படிவத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

சர்க்கார் ஊழியன் பாஸ்போர்ட் எடுப்பதானால், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று இலாகா ஒரு கடிதம் தர வேண்டும். அதுதான் என்.ஓ.சி. எங்கள் ஆபீஸில் அந்த பைல்களைப் பார்ப்பவனும் நானேதான். மற்றவர்களுக்கு எட்டு நாள், பத்து நாளில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தபித்தாளுக்கு அது தெரியும். அதனால் பொய்யையும் டிராப்ட் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "என்னோடதை நானே பாக்கக்கூடாது. மேலிடத்துக்கு அனுப்பியிருக்குது. எப்ப வருமோ" என்றேன்.

அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போதகர் சில்வஸ்டர் ஐயாவிடம் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் ஐயா குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசிப்பு முடிந்ததும் சபையே எழுந்து நின்று ஜெபிக்கும். காரியம் ஆகும் வரை எந்தக் குறிப்பையும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார். அன்றைக்கு ஒரு எஸ்டேட் ரைட்டரின் மூட்டுவலி, ஒரு பெண்ணின் பிரசவம், அதற்கடுத்து நான்.

"நம்ம தேவநேசன் தம்பிக்கு ஆபீஸ்ல என்.ஓ.சி. தாமதமாகுது. மேலதிகாரிகளோட மனசைக் கர்த்தர் இளக்கணும்னு ஜெபிப்போம்."

மேலதிகாரிகள் பாவம், அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இளக வேண்டிய மனசு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த வாரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருக்க இருக்க, சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. மூட்டுவலி குணமாயிற்று. பிரசவம் ஆகி, குழந்தைக்கு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது. பட்டியலில் என் பெயர் முதலிடத்துக்கு வந்தது. சபை முடிந்து வெளியே வரும்போது வயதான பெண்கள் என் கையைப் பிடித்து, "கவலப்படாதீங்க தம்பி, வந்துருமுங்க" என்பார்கள். ஒருவர் எனக்காக வெள்ளிக்கிழமை உபவாசம்கூட இருந்தார்.

ஒவ்வொரு நாளும் ஆபீஸ் போனதும் டிராயரைத் திறப்பேன். இன்று என்.ஓ.சி. விண்ணப்பத்தை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுப்பேன். டீ வரும், பொன்ராஜ் வருவான், மூடிவிடுவேன்.

தபித்தாள் ஜெபத்தில் ஆமென் சொன்னால் நான்கு பெஞ்சுக்குக் கேட்கும். ஜூலை நடுவில் அந்தச் சத்தம் நின்றது. என் பெயரை வாசிக்கும்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். ஊரை விட்டுப் போகிற கவலை என்று நினைத்துக்கொண்டேன். மனைவியின் முகத்தைப் படிக்கத் தெரியாத முட்டாள் நான்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அவள் புறப்பட்டாள். அவளுடைய அண்ணன் மெட்ராஸிலிருந்து வந்து கூட்டிப் போனார். நான் மெட்ராஸ் வரை போகவில்லை. ஆபீஸில் ஆடிட் என்றேன். அந்த நான்கு மாதத்தில் ஆபீஸைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

குன்னூர் ஸ்டேஷனில் நல்ல மழை. ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. அண்ணன் டீ வாங்கப் போனார். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமுங்களா?"

பெட்டியில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். "ஸ்வெட்டர் எடுத்து மேலயே வெச்சுக்க. மேட்டுப்பாளையம் வரைக்கும் குளிரும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. மற்றதையெல்லாம் கழுவி அலமாரியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். பத்து நாள் தாங்கினேன். சார்ந்திருப்பவன் என்று ஒரு காகிதத்தில் போட்டிருந்தால் போட்டிருக்கட்டுமே, அதில் என்ன பொய் இருக்கிறது என்று அப்போதுதான் புத்தியில் உறைத்தது. செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, டிராயரைத் திறந்து விண்ணப்பத்தை எழுதி சூப்பிரண்டு சின்னராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் படித்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இப்பத்தான் குடுக்கறீங்களா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒன்பதே நாளில் என்.ஓ.சி. வந்துவிட்டது. ஒன்பது நாள்! அன்றைக்கே தபித்தாளுக்கு நான்கு பக்கம் எழுதினேன். மேலிடத்திலிருந்து ஒருவழியாக வந்துவிட்டது, விசாவுக்குப் பள்ளியின் கடிதம் வாங்கி அனுப்பு, டிசம்பருக்குள் வந்துவிடுகிறேன் என்று. அந்தக் கடிதத்திலும் பொய்யை விடவில்லை பாருங்கள். சந்தோஷத்தில் நேராகப் போய் போதகரிடமும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அறுப்பின் பண்டிகை அன்னிக்கு நீங்க சாட்சி சொல்லோணும் தம்பி. சபைக்கு விசுவாசம் பெருகும்" என்றார்.

பண்டிகை அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. முதல் நாள் சனிக்கிழமை தபித்தாளின் பதில் வந்தது. ஒரு பக்கம்தான்.

"ஜூலை பதினான்காம் தேதி நான் உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தேன். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பக் கூடாதா என்று சின்னராஜ் அண்ணனிடம் கெஞ்சினேன். அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லையே அம்மா என்றார். நான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஐந்து வாரம் பார்த்தேன். ஸ்டேஷனிலும் கேட்டேன். வர விருப்பமில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். ஒருவேளை நானும் போகாமல் இருந்திருப்பேன். என்னையும் சபையையும் நிற்க வைத்து ஜெபிக்க வைத்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இங்கே வேலையில் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கணவர் வருகிறாரா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். இன்னொரு டீச்சரோடு ஒரே அறையில் இருக்கிறேன். ஒப்பந்தம் மூன்று வருஷம். அதுவரை அதை மாற்ற முடியாதாம். மாற்ற முடியுமா என்று நானும் அழுத்திக் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அடுப்படியில் நின்றபடி மூன்று தரம் படித்தேன். அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் கோவில் முழுக்க முட்டைகோஸும் கேரட்டும் மேரக்காயும் அடுக்கியிருந்தார்கள். யாரோ ஒரு கூடை பச்சைத் தேயிலைகூட வைத்திருந்தார்கள். போதகர் என் பெயரைச் சொல்லி முன்னால் கூப்பிட்டார். ஒரு கையில் என்.ஓ.சி., சட்டைப்பையில் தபித்தாளின் கடிதம். உபவாசம் இருந்த அம்மா முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவோம் என்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்லிவிடுவோம் என்றுதான் போனேன்.

"கர்த்தர் உங்க ஜெபத்தைக் கேட்டாருங்க" என்றேன்.

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. போதகர் என் தோளில் கை போட்டுக்கொண்டார். "தபித்தாள் டீச்சர் அங்க ஒத்தையில இருக்குது. இனிமேல் தம்பியோட விசா சீக்கிரம் வரோணும்னு ஜெபிக்கலாமுங்களா?" என்று சபையைக் கேட்டார்.

காரியம் ஆகும் வரை அவர் எந்தக் குறிப்பையும் எடுக்க மாட்டார் என்று சொன்னேன் அல்லவா? அடுத்த ஞாயிறு தொடங்கி மூன்று வருஷமும் என் விசாவுக்காக ஜெபித்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் தபித்தாள் இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகும் ஜெபித்தார்கள். அந்த முறை எல்லோரோடும் சேர்ந்து நானும் எழுந்து நின்று, உண்மையாகவே ஜெபித்தேன்.