நிற்காமல் போகும் விமானம்

விடுமுறையில் அப்புத்தளைக்கு வந்ததிலிருந்து சுலோஜனா ஓரிடத்தில் உட்காரவில்லை. கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலுக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மத்தியானமானால் கண்ணைச் சொருகும். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

"ராவெல்லாம் முழிச்சிருக்க, பகல்ல சாயுற. என்னடி ஒடம்பு இது?" என்றாள் அவள் அம்மா அங்கம்மா. கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"அங்க இப்ப ராத்திரிம்மா."

எந்த ஊரைச் சொல்கிறோம் என்று சுலோஜனாவுக்கே நிச்சயமில்லை.

பண்டாரவளையில் ஹோட்டல் வேலையிலிருந்தவளை வளைகுடா விமான நிறுவனம் ஒன்று பணிப்பெண்ணாக எடுத்திருந்தது. 2005இல், எங்கும் இறங்காமல் நேரே அமெரிக்கா போகும் புதிய வழித்தடத்தில் அவளைப் போட்டார்கள். பாதிப் பேர் வேலை செய்ய, மீதிப் பேர் விமானத்தின் அடியில் பெட்டி பெட்டியாக இருக்கும் படுக்கைகளில் ஓய்வெடுப்பார்கள். படுப்பார்களே தவிர, தூக்கம் வராது.

இந்த விடுமுறை அவள் கேட்டதல்ல. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா பிடித்து உலுக்கிய பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

போன மாதம், அமெரிக்கா இன்னும் வெகுதூரத்தில் இருக்கும்போது ஒரு பெண் பயணி மூச்சுத் திணறிச் சரிந்துவிட்டார். கீழே பனிக்கட்டியைத் தவிர ஒன்றுமில்லை. சுலோஜனா மண்டியிட்டு ஒட்சிசன் முகமூடியைப் பிடித்துக்கொண்டாள். பயணிகளில் இருந்த டாக்டர் ஒருவர், இவர் அமெரிக்கா போய்ச் சேரும்வரை தாங்கமாட்டார் என்றார். அவ்வளவு பாரத்தோடு இறங்க முடியாதென்பதால் கெப்டன் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட்டு, கனடாவின் வடகோடியில் ஒரு சிறிய விமான நிலையத்தில் விமானத்தை இறக்கினார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எரிபொருள் நிரப்பி, இறக்கையில் உறைந்த பனியை நீக்கி, மறுபடி கிளம்பினால் ஊழியர்களுக்கு அனுமதித்த வேலை நேரம் தாண்டிவிடும். மாற்று ஊழியர்கள் வர மறுநாளாகும். எப்படியாவது புறப்படுங்கள் என்று நிறுவனம் தொலைபேசியில் நெருக்கியது. கெப்டன் எல்லாரையும் கூப்பிட்டார்.

"உங்களால் முடியுமா? ஒருவர் முடியாதென்றாலும் நான் கிளம்பமாட்டேன்."

யாரும் வாய் திறக்கவில்லை. சுலோஜனாவுக்கு எதிரே இருந்த கதவின் கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. ஆபத்தென்றால் அந்தக் கதவைத் திறந்து ஆட்களை இறக்கவேண்டியவள் அவள்.

"என்னால் முடியாது," என்றாள்.

அன்றைக்கு விமானம் கிளம்பவில்லை. பயணிகள் விமான நிலையத்துத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். ஒருவர் அவள் முகத்துக்கு நேரே வந்து கத்தினார்.

"அத்தன பேரு சும்மா இருக்கையில நீ ஏன்டி வாயத் தொறந்த?" என்று கேட்டாள் அங்கம்மா. "முடியலன்னாலும் நாங்க மலை ஏறலையா?"

"மலையில நீங்க சறுக்குனா ஒங்க கால்தானம்மா ஒடையும்?"

அங்கம்மா அடுப்பை ஊதினாள்.

மறுநாள் காலை, தோட்டத்துக்கு வந்த வேன் டிரைவர் செய்தி கொண்டுவந்தார். டவுனில் மர்ஸூக்கின் தொலைபேசிக் கடையான கொமியூனிகேஷனுக்கு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்ததாம், பத்து மணிக்கு மறுபடி கூப்பிடுவார்களாம். அங்கம்மா, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் மகளோடு கிளம்பினாள். பனிமூட்டத்தில் சுலோஜனா முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"உள்ளுக்கு வாங்க புள்ள," என்று மர்ஸூக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. தொலைபேசி அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

ஒரு பெண் அதிகாரி மென்மையாகப் பேசினார். "அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுங்கள். விஷயம் முடிந்துவிடும். அதே வழித்தடத்தில் பறக்கலாம்."

"எனக்குக் காய்ச்சல் இல்லை மேடம். எல்லாரும் களைத்துப்போயிருந்தோம். அந்த வழித்தடத்துக்கு இந்த ஆட்கள் போதாது."

"யோசித்துச் சொல்லுங்கள். இணைப்பிலேயே காத்திருக்கிறேன்."

"என்னவாம்?" என்றாள் அங்கம்மா.

"காச்சல்னு பொய் சொல்லச் சொல்றாங்க."

"சொன்னா வேல இருக்குமா?"

"இருக்கும். அடுத்த தடவையும் இதேமாதிரி நெருக்குவாங்க."

அங்கம்மா கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். ரயில் கூவியது. "எனக்கென்ன தெரியும்? ஒனக்குத் தோணுறத சொல்லு," என்றாள்.

சுலோஜனா மறுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

வேலை போகவில்லை. சென்னைக்கும் கராச்சிக்கும் போகிற குறுகிய பயணங்களுக்கு மாற்றினார்கள். அங்கும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உணவு கொடுத்து முடித்ததும் இறங்கவேண்டி வந்தது. சில மாதங்களில், அந்த அமெரிக்க விமானத்தில் கூடுதல் ஊழியர்களைச் சேர்த்திருப்பதாக ஒரு தோழி சொன்னாள். காரணத்தை யாரும் அறிவிக்கவில்லை.

மறு வருடம் இன்னும் நீண்ட வழித்தடம் ஒன்றைத் தொடங்கினார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றதும் சுலோஜனா முதல் ஆளாகக் கொடுத்தாள்.

"கிறுக்கா ஒனக்கு?" என்று தொலைபேசியில் அங்கம்மா கத்தினாள்.

"இல்லம்மா. முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு ஒண்ணாவது அதுல இருக்கணும்ல?"