லொறியில் ஏறாத மாடு

கலாவதி பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனாலும் மகளுக்கு முப்பத்திரண்டு வயது கடந்தபின் ஒரேயொரு பொய்யைக் கைவசம் வைத்திருந்தாள்: யசோதினிக்குப் பால் கம்பனியில் வேலை. இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகளில் இனம் பெருக்க நல்லதைத் தெரிவு செய்வதுதான் மகளின் வேலை என்று சொன்னால் எந்தச் சைவக் குடும்பம் படியேறும்? ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் அப்படித்தான் தட்டிப்போனது. இந்த முறையாவது வாயைத் திறக்காதே என்று பாரிஸ் புறநகரான கார்ஜில் ரயிலேறும்போதே கெஞ்சியிருந்தாள். அம்மாவின் முகத்துக்காக யசோதினியும் தலையாட்டிவிட்டாள்.

பிள்ளையார் கோயிலில் இரு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்து, பிறகு லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடையில் வடையும் தேத்தண்ணியுமாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கரிகாலன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் பூரணி பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளை லட்சணம்தான், ஆனால் கொஞ்சம் கட்டை என்றாள். அளந்து பார்க்க நான் என்ன யன்னல் சீலையா என்று யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்குக் கொடுத்த தோஷத்துக்கு வடையைக் கடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மலைப்பக்கத்துப் பண்ணைக்காரர். இறைச்சிக்குக் கொண்டுபோகிற லொறி வந்து நிற்கிறது, 4127ஆம் இலக்க மாட்டை ஏற்றிவிட்டேன், பக்கத்தில் நிற்கிற பெரிய மாட்டுக்குத் தோளளவுகூட இல்லை, இதை வைத்திருக்கவே வெட்கமாக இருக்கிறது என்றார். ஐந்து வருடமாக யசோதினி நிறை பார்த்து, எழுதி, பொறுக்கியெடுத்த மாடு அது. அதன் கன்றுகளை வைத்துத்தான் அந்தப் பட்டியையே மாற்ற நினைத்திருந்தாள். மெல்லச் சொன்னால் அந்த மனுசன் காதில் ஏறாது. உரக்கச் சொன்னால் இங்கே குட்டு உடைந்துவிடும். பூரணி இருபது வருடம் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்தவள், ஒரு சொல் தவறாமல் விளங்கும்.

உடைந்தால் உடையட்டும் என்று எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். பெரியவள் எண்ணூறு கிலோ, தீனியும் அதற்கேற்ற தீனி. தானியம் வைக்காவிட்டால் எலும்பு தெரியும், போன வருடம் சினைப்படவேயில்லை. சின்னவள் ஐந்நூற்றைம்பது கிலோ. பனிக்காலத்தை வெறும் காய்ந்த புல்லோடு தாண்டுகிறாள், வருடம் தவறாமல் கன்று போடுகிறாள், பால்குடி மறக்கிறபோது கன்று தாயின் நிறையில் பாதி நிற்கிறது. புல்லை மட்டும் போட்டு இறைச்சி எடுக்க வேண்டுமென்றால் இவளின் வம்சம்தான் வேண்டும். பெரியவளை ஏற்றுங்கள், இவளை இறக்குங்கள். மறுமுனையில் கொஞ்சநேரம் முணுமுணுப்பு. பிறகு இறக்குகிறேன் என்றார்.

அவள் உட்கார்ந்தபோது கலாவதி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இறைச்சி மாடோ என்று பூரணி கேட்டாள். ஓம் என்றாள் யசோதினி. பூரணி யோசித்துப் பார்த்துப் பெரிய மனது பண்ணினாள்.

"பரவாயில்லை. பிள்ளை வேலையை விட்டால் எங்களுக்குச் சம்மதம். கட்டை எண்டதையும் நாங்கள் பெரிசுபடுத்தேல்லை."

"அன்ரி, அந்த மாட்டையும் கட்டை எண்டுதான் லொறியிலை ஏத்தினவை. இப்பதான் இறக்குவிச்சனான். நானும் ஏறமாட்டன்."

கரிகாலன் முதல்தடவையாகக் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். கலாவதி கண்ணைத் திறந்தாள். மூன்றாவது சம்பந்தமும் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மகள் பாதி கடித்து வைத்த வடையை அவள் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு பிள்ளை, ஆறுது," என்றாள். பிறகு பூரணியைப் பார்த்து, "பால் கம்பனி எண்டு நான்தான் பொய் சொன்னனான். இனிச் சொல்லமாட்டன்."