பன்னிரண்டு பண்ணைக்கு ஒரே கிருமி

பன்னிரண்டு பண்ணைக் கோழிகளிடமிருந்து வந்த சால்மொனெல்லா கிருமிகளின் மரபணு வரிசையை ரவ்தா மூன்றாம் முறையாகப் படித்தாள். இந்த முறையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மலைமேல் ஒன்று, ஆற்றோரம் ஒன்று என்று பேஜா மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பண்ணைகளில் ஒரே கிருமி எப்படிக் குடியிருக்கும்? எரிச்சலில் கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

ஆய்வகத் தலைவர் டாக்டர் ஹெடிக்குச் சந்தேகமே இல்லை. கை சுத்தமில்லாமல் ஒரு மாதிரியை மற்றதில் கலந்துவிட்டாள் என்று எல்லார் காதிலும் போட்டுவிட்டார். அடுத்த முறையும் இப்படியே வந்தால் மரபணு வரிசை படிக்கும் இயந்திரத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம். அவள் வருடக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி வாங்க வைத்த இயந்திரம் அது.

கடைசியில், பண்ணைகளுக்குப் போய் மாதிரி எடுத்துவரும் ஓட்டுநர் லஸ்ஸாதைப் பிடித்து உலுக்கினாள். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு ஒப்புக்கொண்டான். மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி பன்னிரண்டையும் அம்மார் என்ற ஒரே ஆளின் பண்ணையிலேயே தேய்த்து எடுத்தானாம்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"என்ன பண்ணச் சொல்றீங்க டாக்டரம்மா? எங்க போனாலும் உக்கார வச்சு கூஸ்கூஸ் போடுறாங்க. வேணாம்னா மூஞ்சி தொங்கிடுது. ரெண்டு வீடு தாண்டுறதுக்குள்ள பொழுது போயிடுது. அம்மார் ஒருத்தன்தான் பச்சத்தண்ணிகூடக் குடுக்க மாட்டான்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஹெடியிடம் சொன்னாள். ஓட்டுநர் தலையில் பழியைப் போடாதே என்றுவிட்டார். மறுநாள் அவளே கிளம்பினாள்.

முதல் பண்ணை மன்னூபியா என்ற விதவையுடையது. குச்சியை வெளியே எடுக்குமுன்பே ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வந்தன, பின்னாலேயே கோதுமை ரவையை அவித்து ஆட்டுக்கறி போட்ட கூஸ்கூஸ். வேலை இருக்கிறது என்றாள் ரவ்தா. மன்னூபியாவின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்டுச் சோறு ஆகாது, கோழிப்பீ மட்டும் ஆகுமா மவளே?"

ரவ்தா சாப்பிட்டாள். இரண்டாம் தட்டும் சாப்பிட்டாள். வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாதிரிப் பெட்டியில் பனிக்கட்டி பாதி தண்ணீராகியிருந்தது. வண்டியில் உட்கார்ந்து லஸ்ஸாதைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, நாளைக்கு நீங்களும் வாங்க. நீங்க சாப்பிடுங்க, நான் கோழியப் பாத்துக்கறேன்."

அந்த வாரம் எந்த வீட்டுக்காரருக்கும் மனம் கோணாமல் லஸ்ஸாத் சாப்பிட்டான். வரிசைகள் பண்ணைக்குப் பண்ணை வேறாக வந்தன. அவள் கையில் ஒரு குறையும் இல்லை. தாள்களை டாக்டர் ஹெடியின் மேசையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு வார்த்தைக்காக நின்றாள். அவர் புரட்டினார், தலையாட்டினார், அவளோடு வந்து நின்ற லஸ்ஸாத் பக்கம் திரும்பினார்.

"எந்த வீட்டுக் கூஸ்கூஸ்யா நல்லாருந்துச்சு?"