பலகையின் மற்றப் பக்கம்

இன்றைய ஊர்வலத்துக்குப் புதுப் பலகை வாங்க நேரமில்லை, ஜூனில் எழுதிய பலகையின் மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் எழுதித் தாரும் என்று தமிழ்ச் சங்கச் செயலாளர் செல்வரத்தினம் காலை எட்டு மணிக்கே வந்து நின்றார். ஈஸ்ட் ஹாமில் யோகராஜாவின் அறை ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் நிறைந்துவிடும். கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பலகையை இழுத்தான். ‘நன்றி இந்தியா.’ சிவப்பு எழுத்து, தூசியைத் தட்டினால் நேற்று எழுதியது போல இருந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதிய கை அது. கைக்கு எழுத்து வந்த அளவுக்குத் தலைக்குப் புத்தி வரவில்லை, அவ்வளவுதான்.

எண்பத்தேழாம் ஆண்டு தை மாதத்திலிருந்து கொழும்பு அரசு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் போகவிடாமல் மறித்து வைத்திருந்தது. யோகராஜாவுக்கு லண்டனில் பெற்றோல் செட்டில்தான் வேலை. நாள் முழுக்க ஊரான் காரெல்லாம் நிரம்பி வழிய, தன் மனைவி சிவமலர் ஊரில் தேங்காயெண்ணெய் விளக்கோடு இருக்கிறாளே என்று நெஞ்செல்லாம் முள்ளாய்க் குத்தியது. ஜூனில் இந்திய விமானங்கள் வந்து, கொழும்பைக் கேளாமலே, யாழ்ப்பாணத்தின் மேல் அரிசியும் பருப்பும் போட்டன. ஆகா, அன்றைக்கு ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவைப் பார்த்திருக்க வேண்டும்! முன்பின் தெரியாதவனெல்லாம் கட்டிப்பிடித்து லட்டு ஊட்டினான். தம்பியை அடித்தால் கேட்கப் பெரியண்ணன் வந்துவிட்டான் என்ற புளுகத்தில், பூரிப்பில், யோகராஜா எனாமல் பெயின்ற் வாங்கி, இரண்டு நாள் காயவிட்டு, அந்தப் பலகையை எழுதினான். செட்டில் கூட வேலை செய்த மன்னார்க் கஸ்பர் மட்டும், லட்டையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான் தம்பி” என்றார். ஒரு கிழமை யோகராஜா அவருக்கு முகங்கொடுக்கவில்லை.

பலகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிவமலருக்கு லண்டன் வர விசா கிடைத்திருந்தது. ஓகஸ்ட் ஐந்தாம் திகதி பிளேன். அத்தனை சோதனைச் சாவடிகளையும் தாண்டிக் கொழும்புக்கு வந்து மாமன் வீட்டில் பெட்டியோடு நின்றாள். அதற்கு ஒரு கிழமை முன்னர்தான் இந்தியா கொழும்பை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவைத்து, தன் இராணுவத்தையும் கொண்டுவந்து இறக்கியிருந்தது. ஊரில் மாலை போட்டு வரவேற்றார்களாம். யோகராஜா மாமன் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தான். சண்டையெல்லாம் முடிந்துவிட்டது, இந்தக் குளிர் நாட்டில் ஒற்றை அறையில் வந்து என்ன செய்யப்போகிறாய், திரும்பிப்போய் வீட்டைத் திற, தை பிறக்க நானே வருகிறேன் என்றான். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“வடிவா யோசிச்சுத்தானே சொல்லுறியள்?”

“ஓம். இனி ஆர் எங்களைத் தொடுறது?”

அவள் திரும்பிப் போனாள். ஒக்டோபரில் போராளிகளோடு சண்டை மூண்டு அதே இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் ஷெல் அடித்தது. பத்து நாளாக ஊரிலிருந்து ஒரு மூச்சும் இல்லை. மாமனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முந்தைய நாள் சிவமலரின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. அவசரமாகப் பிரித்தால் செப்டெம்பரில் போட்ட கடிதம். ‘பிளேன் போட்ட பருப்பில எங்கட பங்கு ஒரு சுண்டு அளவு. நீங்கள் வந்தாப்பிறகு காய்ச்சுவம் எண்டு ரின்னில போட்டு மூடி வைச்சிருக்கிறன்.’

ஊர்வலம் பன்னிரண்டு மணிக்கு. எனாமல் காய நேரம் கிடையாது. அறைச் சுவருக்கு அடித்து மிஞ்சிய தண்ணீர்ப் பெயின்றில் கறுப்பைக் கலந்து, ‘இந்திய இராணுவமே வெளியேறு’ என்று எழுதினான். வானம் மூடிக் கிடந்தது. இது மழைக்கு நில்லாது என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாதா? தெரியும். நன்றிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் ஒருவருக்கும் தெரியாது என்று செல்வரத்தினம் யோசனை சொன்னார்.

இந்தியத் தூதரகத்துக்கு முன்னால் முந்நூறு பேர் நின்றார்கள். ஜூனில் நன்றி சொன்ன அதே நடைபாதை, அதே முகங்கள். கோஷம் தொடங்கி அரை மணியில் மழை பிடித்தது. கறுப்பு கரைந்து பலகையின் விளிம்பால் வழிந்து யோகராஜாவின் கோட்டுக் கைக்குள் இறங்கியது. பக்கத்தில் கஸ்பர் வந்து நின்றார். ஓநாய்க் கதையை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“வீட்டுச் செய்தி ஏதும் தெரியுமோ தம்பி?”

“கொழும்பு வரைக்கும் வந்தவள், கஸ்பரண்ணை. நான்தான் திருப்பி அனுப்பினனான்.”

கஸ்பர் தன் குடையை அவன் தலைக்கு மேலே நகர்த்தினார்.

பலகையையெல்லாம் உயர்த்துங்கோ என்று முன்னாலிருந்து செல்வரத்தினம் ஒலிபெருக்கியில் கத்தினார். யோகராஜா குடையை விட்டு விலகி, இரண்டு கையாலும் பலகையைத் தூக்கினான். தூதரகத்தின் பக்கம் ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. நனைந்த வெறும் பலகைதான் அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்து நின்றது. அவன் பக்கம், கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், அவனுடைய சிவப்பு எனாமலில் ஒரு புள்ளியும் அழியவில்லை.