சினியோர் நுன்சியோவின் தராசு முள்

கோபம் வந்தால் பிரேமினிக்குக் காது இரண்டும் சுடும். அந்த ஓகஸ்ட் மாதம் முழுக்கச் சுட்டபடியே இருந்தது. காரணம், சினியோர் நுன்சியோவும் அவருடைய பழைய தராசும்.

சினியோர் நுன்சியோ இத்தாலியில், கபோ சந்தையில் காலமெல்லாம் இறைச்சிக்கடை நடத்தியவர். இப்போது அதே தெருவில் மேல்மாடியில் இருக்கிறார். அவரைக் குளிக்க வார்த்து, சமைத்துக் கொடுத்து, மாத்திரை எடுத்து நீட்டுவது பிரேமினியின் வேலை. வேட்டைக்குப் போகும் மகனுக்குத் தோட்டாக்களைத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுப்பது கிழவரின் பெருமை. கடையில் வாங்கிச் சுடுகிறவன் ஆம்பிளையே இல்லையாம். ஆனால் கண் மங்கிப்போய், வெடிமருந்து நிறுக்கும் தராசின் முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. மகன் அறிந்தால் தராசைப் பிடுங்கிவிடுவான். ஆகவே முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் பிரேமினி. மகனிடம் வாய் திறந்தால் அவளுடைய கொன்திராத்தோவைக் கிழித்துப் போடுவதாகக் கிழவர் சொல்லியிருந்தார். அந்த வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெசோ இல்லாமல் இந்த நாட்டில் இருக்க முடியாது.

பொல்லாத முள் அது. மின்விசிறி சுழன்றாலும் ஆடும், யன்னல் திறந்திருந்தாலும் ஆடும், பெருமூச்சு விட்டாலும் ஆடும். அந்த வெக்கையில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெடிமருந்துத் தட்டுக்கு முன்னால் அவள் இருக்க வேண்டும். வன்னியில் செல்லடிக்குள் தம்பியின் உடலைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள். கடல் கடந்து வந்து கிடைத்த உத்தியோகம் இது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் கிழவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் சண்டையில் வளர்ந்த சனம்தானே. இது உனக்குக் கைவந்த வேலையாக இருக்குமே."

முள் கோட்டுக்கு நேரே அசையாமல் நின்றது. பிரேமினி பல்லைக் கடித்தாள்.

"கூடிப்போச்சு, சினியோர்."

கிழவர் ஒரு சிட்டிகை மருந்தைக் குறைத்தார்.

"இன்னும் கூடத்தான் நிக்குது."

இன்னொரு சிட்டிகை. முள் கோட்டுக்குக் கீழே தொங்கியது.

"இப்ப சரி."

அன்றிலிருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதே கதைதான். வெடி புஸ்ஸென்று போகட்டும், முயல் திரும்பி நின்று சிரிக்கட்டும், கிழவரின் பெருமை சந்தி சிரிக்கட்டும். நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

வேட்டை தொடங்கும் ஞாயிறுக்கு முதல் நாள் மாலை, அல்பெர்கேரியாவில் தங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாந்தரூபன் சொன்னான். அவள் புருசனான அவனுக்கு வேலை சியாகுல்லியில், கிழவரின் மகனுடைய மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில்.

"நாளைக்கு முதலாளி என்னையும் வேட்டைக்கு வரட்டாம். நாயளைப் பிடிச்சுக்கொண்டு அவருக்குப் பக்கத்திலை நிக்கவேணுமாம்."

பிரேமினிக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு முயலும் விழாது, இருந்து பாருங்கோ," என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

சாந்தரூபன் சிரிக்கவில்லை. அவனுடைய தகப்பன் குழலுக்குள் மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கோடு பன்றி வேட்டைக்குப் போனவர். வெடிமருந்தின் குணம் அவனுக்குத் தெரியும்.

"மருந்து குறைஞ்சால் தோட்டாவுக்கை இருக்கிற அடைப்பு வெளியாலை போகாது. குழலுக்கை இறுகி நிண்டிடும். அடுத்த வெடி வைக்கேக்கை குழல் பிளக்கும். சுடுறவன்ரை கையும் போகும், பக்கத்திலை நிக்கிறவன்ரை முகமும் போகும்." எப்போதும் நீர் என்று கதைக்கிறவன், "நீ என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?" என்றான்.

பிரேமினி சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். "நான் போய்ச் சொல்லுறன்."

"சொன்னால் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. பேசாமல் இரு. நான் தள்ளி நிக்கிறன்."

"அப்ப அந்த மனிசன்ரை கை போகட்டுமோ?"

அவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான். ஒரு கடுதாசிக்காக இன்னொருவன் கை சிதறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவர் மேல் கோபம், புருசன் மேல் கோபம், எல்லாரையும் விடத் தன் மேல் கோபம். செருப்பை மாட்டிக்கொண்டு, சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கபோவுக்கு நடந்தாள். சாந்தரூபன் பின்னாலேயே ஓடி வந்து, படிக்கட்டடியில் நின்றுவிட்டான்.

மேலே மகன் தோட்டாப் பெட்டியைக் கையில் எடுத்திருந்தான்.

"அதைக் கொண்டுபோக வேண்டாம். மருந்து காணாது, குழல் பிளந்துவிடும். நான்தான் முள்ளைப் பார்த்துப் பொய் சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன்," என்றாள் பிரேமினி.

கிழவரின் முகம் வெளிறியது. குரல் மட்டும் ஆடவில்லை. "என்ன முள்? தராசு பார்ப்பது நான். இவளை அதற்குக் கிட்ட விட்டதே இல்லை."

மகன் சிரித்தான். தகப்பனின் தோளில் தட்டிவிட்டு, பெட்டியோடு கதவை நோக்கி நடந்தான்.

பிரேமினி அலுமாரியைத் திறந்து, தராசைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். முள் அடியில் போய் விழுந்து கிடந்தது.

"சினியோர், இப்போது முள் எங்கே நிற்கிறது? மகனுக்குச் சொல்லுங்கள்."

கிழவர் கண் தெரிந்தவர் போலக் குனிந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிரேமினிக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தையும் விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"நேர் நடுவில்," என்றார்.

மகன் தராசைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தட்டையும் பார்த்தான். பெட்டியை மெல்லக் கீழே வைத்தான். தகப்பனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடம் சொன்னான். கண் தெரியாத கிழவனை வைத்து விளையாடினாயா, கொலைகாரி, இனி இந்தப் பக்கம் வராதே, உன் புருசனும் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்குப் பதில் சொல்ல அவளுடைய இத்தாலியன் காணாது. தமிழில் மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

"என்ன சொன்னவை?" என்று கேட்டான் சாந்தரூபன்.

"ரெண்டு பேருக்கும் வேலை போச்சு."

கடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி நடுச்சந்தையில் நின்று அவன் கத்தினான். படிச்சுப் படிச்சுச் சொன்னனான் கேட்டியோ, இனி ஆரிட்டைப் போய்க் கையேந்துறது, பெர்மெசோவுக்கு என்ன வழி என்று கத்தினான். பிரேமினி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது, உதடு துடித்தது, நெற்றி வியர்த்திருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"நல்லாக் கத்துங்கோ," என்றாள். "கத்துறதுக்கு முகம் மிஞ்சியிருக்குதல்லோ."