முப்பத்தொன்றாம் வாக்கியம்

எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே போட்டி மனப்பான்மை குறைந்தவள் கொரின்தான். நான் சொல்லவில்லை, எண் சொன்னது. பேராசிரியர் ஹால்வர்சன் ஒரு மதியம் வேறொரு ஊர்க்காரர்கள் தயாரித்த பழைய கேள்வித்தாளை எடுத்து வந்து, நாமே முதலில் நிரப்பிப் பார்க்கலாம் என்று மூவர் கையிலும் பென்சில் கொடுத்தார். அவருக்கு எழுபத்தொன்று வந்தது. எனக்கு அறுபத்தெட்டு. கொரினுக்கு முப்பத்து நான்கு. அவள் கூச்சத்தோடு தோளைக் குலுக்கி, யார் முந்தினால் என்ன, எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்தால் சரி என்றாள். நான் நம்பினேன். மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதைக் கூட்டிக் கழித்துப் பட்டம் வாங்குகிற படிப்பு எங்களுடையது. அதில் இருந்துகொண்டு நம்பாமல் எப்படி?

அது எண்பத்து மூன்றாம் வருடம். மினசோட்டாவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் கொரினும் நானும் ஒரே அறையில், முதுகோடு முதுகு முட்டுகிற இரண்டு மேசைகளில் முனைவர் பட்டப்படிப்பின் நான்காம் வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒருவருக்குள் போட்டி போடும் குணம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு புதிய கேள்வித்தாள் தயாரிப்பதுதான் வேலை. கேள்வித்தாள் என்று பெயரே தவிர அதில் கேள்வி எதுவும் இருக்காது. வாக்கியங்கள் இருக்கும். 'தோற்ற ஆட்டத்தை மறக்க எனக்குப் பல நாள் ஆகும்' என்று ஒரு வாக்கியம். பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். அது உங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்றால் ஒன்றை வட்டமிட வேண்டும், அப்படியே பொருந்தும் என்றால் ஐந்தை.

நானும் கொரினும் ஆளுக்கு நாற்பது வாக்கியம் எழுத வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது, நேரே ஹால்வர்சனிடம் கொடுத்துவிட வேண்டும். எண்பதையும் ஒரு வகுப்பிடம் கொடுத்துச் சலித்து, உருப்படியானதை மட்டும் அவர் வைத்துக்கொள்வார். யாருடைய வாக்கியங்கள் அதிகம் நிற்கின்றனவோ அவர் பெயர் கட்டுரையில் முதலில் வரும். போட்டி மனப்பான்மையை ஆராய்கிற மனிதர் இப்படி ஒரு பந்தயம் வைக்கிறாரே என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் எங்கள் தொழிலில் முதல் பெயருக்குத்தான் வேலை கிடைக்கும். இரண்டாவது பெயரை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த ஜனவரியில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு கொரினின் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பனி கொட்டியதில் சாலையை மூடிவிட்டார்கள். லாரிக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடையில், பனி அள்ளும் வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் காபியும் ஆப்பிள் 'பை' பலகாரமுமாக உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

என் தங்கை ஜோலீனைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கோடைக்காலம் முழுக்க ஏரிக்கரையில் வளர்ந்தோம். கரையிலிருந்து ஐம்பது கஜத்தில் அப்பா ஒரு மர மிதவையைக் கட்டி வைத்திருந்தார். இரண்டு பேரும் குதித்து நீந்திப் போய் அதை முதலில் தொட வேண்டும். அப்பா பார்க்கவே மாட்டார். ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தூண்டில் நூலில் விழுந்த சிக்கை எடுத்துக்கொண்டிருப்பார். நாங்கள் சொட்டச் சொட்ட வந்து நின்றதும் திரும்பாமலே, "தொட்டது யாரு?" என்று கேட்பார். தொட்டவளே சொல்ல வேண்டும். ஒரு நாளும் நாங்கள் பொய் சொன்னதில்லை.

அந்தக் கேள்வி ஏரியோடு நிற்கவில்லை. பள்ளி மதிப்பெண் வந்தாலும் அதே கேள்விதான், கார் ஓட்ட உரிமம் வாங்கினாலும் அதே கேள்விதான். ஜோலீன் இருபத்தொரு வயதில், எனக்கு முன்னால், டிராக்டர் விற்கும் வேயினைக் கட்டிக்கொண்டபோது, கல்யாண விருந்தில் அப்பா கோப்பையைத் தூக்கி அதையே கேட்டார். ஜோலீன் கையைத் தூக்கினாள். சபையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

நாலு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். வேயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், இனி வர மாட்டான் என்று சொல்லி அழுதாள். கொரினிடம் நான் சொன்னது இதுதான்: அதைக் கேட்ட உடனே எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. மிதவையைத் தொட்டுவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. ஒரு நொடிதான். அதன் பிறகு நானும் அழுதேன், மறுநாளே ஒரு பெரிய பாத்திரம் நிறைய இறைச்சியும் உருளைக்கிழங்கும் சமைத்து எடுத்துக்கொண்டு நூறு மைல் ஓட்டினேன். ஆனால் அந்த முதல் நொடி இருந்ததே.

கொரின் மேசைக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாத, மார்லிஸ். நானும் சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறந்ததிலிருந்து சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அவள் காபிக்கும் நானே காசு கொடுத்தேன்.

மார்ச்சில் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். அதற்குள் சலிக்கிற வேலை முடிந்துவிட்டது. முப்பத்தொரு வாக்கியம் நின்றிருப்பதாக கொரின் போனில் சொன்னாள். யாருடையது எத்தனை என்று கேட்டதற்கு, முதலில் உடம்பைப் பார் என்றாள். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

நான் எழுந்து வந்த முதல் நாளே அந்த முப்பத்தொன்றையும் அறுபது மாணவர்களுக்குக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. முதல் வருட உளவியல் படிக்கிறவர்கள் இப்படி ஆய்வுகளில் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டு மதிப்பெண் உண்டு. அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. சைக்ளோஸ்டைல் மை வாடை போகாத தாள்கட்டை அலுவலகத்திலிருந்து தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வகுப்பறைக்குள் போனேன். மூன்றாவது வரிசையில் ஜோலீன் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஜனவரியில்தான் அவள் மறுபடி படிக்கலாம் என்று எங்கள் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்திருந்தாள். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருபத்தாறு வயதில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும். என்னைப் பார்த்ததும், "உன் போட்டி ஆராய்ச்சிக்கு என்னைவிட நல்ல ஆள் உனக்குக் கிடைக்குமா?" என்று அங்கிருந்தே கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தாள்களைக் கொடுத்துவிட்டு, வழக்கமாகப் படிக்கிறதைப் படித்தேன். இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை. யோசிக்காதீர்கள், மனதில் முதலில் தோன்றுவதை வட்டமிடுங்கள். அறுபது தலைகள் குனிந்தன. அப்புறம்தான் நான் மேசையில் சாய்ந்து என் கையிலிருந்த தாளைப் புரட்டினேன்.

முன்பக்கத்தில் முப்பது. பின்பக்கத்தில் தன்னந்தனியாக ஒன்று.

'31. என் உடன்பிறந்தவருக்கு ஒரு தோல்வி என்று கேள்விப்பட்டதும், மிதவையை நான் முதலில் தொட்டுவிட்டதுபோல் ஒரு நிம்மதி எனக்குள் எழுகிறது.'

ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, பாவி. 'தங்கை' என்பதை 'உடன்பிறந்தவர்' ஆக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். மிதவையையாவது எடுத்திருக்கலாம். அந்தச் சொல்லை அப்படிப் புழங்குகிற வீடு உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அந்த வீட்டில் பாதி மூன்றாவது வரிசையில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறது. ஜோலீன் அப்போது முன்பக்கத்தின் நடுவில் இருந்தாள். வழக்கம்போல நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களைவிட வேகமாக.

தாள்களைத் திரும்ப வாங்கிவிடலாமா? தீப்பிடித்துவிட்டது என்று கத்தலாமா? அந்த இரண்டு நிமிடத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. கடைசியில் செய்ததோ, படித்த முட்டாள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வாக்கியத்தில் ஓர் அச்சுப்பிழை இருக்கிறது, முப்பத்தொன்றைத் தயவுசெய்து யாரும் படிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று அறிவித்தேன்.

அறுபது தாள்களும் ஒரே நேரத்தில் புரண்டன. வேண்டாம் என்று சொன்னால் மனிதன் முதலில் அதைத்தான் பார்ப்பான். அதைப் பற்றி நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

ஜோலீன் அதைப் படித்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் எதுவும் தெரியவில்லை. வீட்டு முகவரியைத் தேடுகிறவள் மாதிரி மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பி ரப்பரை எடுத்து எதையோ அழித்தாள். வெகுநேரம் அழித்தாள். மற்றவர்கள் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. பிறகு தாளைக் கட்டின் நடுவில் எங்கோ செருகிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள்.

யார் தாள் எது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது, பெயர் எழுத இடமே கிடையாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐம்பத்தொன்பது பேர் முப்பதையும் நிரப்பிவிட்டுக் கடைசியை விட்டிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் முன்பக்கத்தில் போட்ட வட்டங்களெல்லாம் அழித்திருந்தன. முப்பத்தொன்றில் மட்டும் ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். கொரின் கேரட்டைக் கடித்துக்கொண்டு எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தாளை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னாயே என்று கேட்டேன். 

"நான் யார்கிட்டயும் சொல்லலையே. எழுதினேன். உன் பேர் எங்கயாவது இருக்கா அதுல?"

"என் தங்கச்சி படிச்சுட்டா, கொரின்."

அவள் கடிப்பதை நிறுத்தினாள். ஒரு கணம் அவளுக்கு உறைத்தது, அதை மறுக்க மாட்டேன். பிறகு, ஜோலீன் வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றாள். உனக்குக் காய்ச்சல், கேட்கலாம் என்றுதான் இருந்தேன் என்றாள். எண்பதில் அந்த ஒன்றுதான் ஆட்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியதாம், ஹால்வர்சன் அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாராம். நியாயமாகப் பார்த்தால் நான் பெருமைப்பட வேண்டுமாம்.

நான் கேட்டது ஒன்றைத்தான். யாருடையது எத்தனை நின்றது?

கொரின் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உன்னோடது பதினஞ்சு. என்னோடது பதினாறு."

முப்பத்து நான்கு வாங்கியவள். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றவள். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிய அந்தக் கடையிலேயே, நான் கை கழுவப் போயிருந்தபோது, காகிதக் கைக்குட்டையில் அதை எழுதி வைத்துக்கொண்டாளோ என்னவோ. இன்றுவரை எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை. இனி கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வரும். அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கோட்டை மாட்டிக்கொண்டு சலவைக் கடைக்குப் போனேன்.

ஜோலீன் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் வாசலிலேயே பூட்ஸோடு நின்று, அந்த ஐந்து என்ன, உனக்கும் என்மேல் எப்போதாவது அப்படித் தோன்றியிருக்கிறதா என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

"அது என் பதில் இல்ல. உன்னோடது" என்றாள். "உன் தாளை நீ நிரப்ப மாட்டேன்னு தெரியும். அதான் நான் போட்டேன்."

அந்த வாக்கியத்தை எழுதியது நான் இல்லை, கொரின் என்றேன்.

"கொரின் நம்ம ஏரிக்கு வந்திருக்காளா?"

 கீழே துணி துவைக்கும் யந்திரங்கள் ஓடுகிற அதிர்வு தரையில் வந்துகொண்டிருந்தது. அவள் நிதானமாகத்தான் பேசினாள். எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பழக்கமில்லை.

"அன்னைக்கு வேயின் கார் தெருமுனை திரும்பறதுக்குள்ள உனக்குத்தான் போன் பண்ணினேன், மார்லிஸ். அம்மாகிட்ட மறுநாள்தான் சொன்னேன். உன் குரலைக் கேட்டா போதும்னு இருந்துச்சு."

நான் அழ ஆரம்பித்தேன். அது ஒரே ஒரு நொடிதான், அதற்குப் பிறகு அழுததெல்லாம் நிஜம், ஓட்டி வந்த நூறு மைலும் நிஜம் என்றேன்.

"ஒரு நொடி வித்தியாசத்துலதானே நாம எப்பவும் ஜெயிச்சோம்" என்றாள்.

பிறகு அவள் என்னிடமிருந்து திரும்பி, தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். அங்கே ஒரே ஒரு கோப்பைதான் கிடந்தது. அதையே கழுவிக்கொண்டு நின்றாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். பூட்ஸில் இருந்த பனி உருகி அவள் தரையில் ஓடியது.

"தொட்டது யாரு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.