வாசலைத் தாண்டாத தண்ணீர்

தையல்காரர் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வாசல் கதவு அகலத் திறந்திருந்தும் ஒரு சொட்டுகூடத் தெருவுக்கு வரவில்லை. மழையும் இல்லை, குழாயும் உடையவில்லை. எங்கள் குழாய்களில் தண்ணீர் வந்தே ஒரு வாரம் ஆகியிருந்ததால் முதலில் பொறாமைதான் பட்டோம். குடத்தோடு போய் மொண்டவர்கள் வாசலைத் தாண்டியதும் குடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயந்தோம். தண்ணீர் கறுத்து, அசையாமல் கிடந்தது. கல்லைப் போட்டால் வளையம் எழவில்லை. அந்தக் கூரையில் உட்காருவதைக் காக்கைகள் நிறுத்திக்கொண்டன.

தையல்காரரின் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வருடக்கணக்காகக் கட்டிலில் படுத்தபடியே பொத்தான் தைப்பாள், காலையிலும் மாலையிலும் கண்மூடி வேண்டுவாள். அவரும் வேண்டுவார், அதில் முக்கால்வாசி புகார். தண்ணீர் ஏறியபோது அவர் தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார்: கால்சட்டையின் ஓரத்தை மடித்து ஏற்றித் தைத்தார். முழங்காலுக்கு வந்ததும் மறுபடி ஏற்றினார். திரைச்சீலை, கட்டில் விரிப்பு எல்லாவற்றையும் ஏற்றினார். இதற்கு மேல் ஏற்றினால் மானம் போய்விடும் என்ற கட்டத்தில்தான் மைத்துனனைக் கூப்பிட்டார்.

மைத்துனன் குழாய் வேலை செய்பவன். கடவுள் மேல் நம்பிக்கை கிடையாது, மோட்டார் மேல் உண்டு. மோட்டார் பகல் முழுக்க ஓடியும் மறுமுனையில் காற்றுதான் வந்தது. கடைசியில் அக்காவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனான். அவளைக் கிடத்திய இடத்தில் சாயங்காலமே தரை கறுப்பாகக் கசிந்தது. பக்கத்தில் அவனுடைய கைக்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

"என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுர்றா தம்பி. எனக்கு வந்தது எங்கூடயே இருக்கட்டும்."

"உன் கடவுளுக்குக் காது அடைச்சிருக்குக்கா. நானா இருந்தா எப்பவோ கழட்டிப் பார்த்திருப்பேன்."

"கேக்குதுடா அவருக்கு. வேலைய முடிச்சுட்டுப் பேசுவாரு."

அவளைத் திரும்பக் கொண்டுவந்து கிடத்தி, கட்டிலுக்கடியில் செங்கல் அடுக்கினார்கள். தண்ணீர் ஒரு நாள் பொறுத்திருந்துவிட்டு மறுபடி ஏறும். எங்கள் தெருவில் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. செங்கல்தான் யாரும் கொடுக்கவில்லை. பிறகு வெட்கப்பட்டுக் கொடுத்தோம். செங்கல் தீர்வதற்குள் மேல்கூரை வந்துவிட்டது. ஒரு பட்டப்பகலில் தையல்காரர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அவள் கையைப் பிடித்தபடி, முதல்முறையாகப் புகார் எதுவும் இல்லாமல் வேண்டினார். பயமாக இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறது, அதனால்தான் வேண்டுகிறேன் என்றாளாம். தண்ணீர் இருவரையும் மூடியது. மைத்துனன் வாசலுக்குள் பாய்ந்தான். அன்று தண்ணீர் சுவரைப் போல அவனைத் தெருவில் தள்ளியது. ஒரு குமிழிகூட எழவில்லை. நாங்கள் அழுதோம். எதையும் காலத்தோடு செய்கிறவர்கள் என்பதால் சவ வண்டிக்கும் சொல்லி அனுப்பினோம்.

சவ வண்டி வந்து நின்றபோது உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது, கனத்து, மெதுவாக. பிறகு அவள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி மேல்நோக்கி அலைய, நடந்து வந்தாள். மைத்துனன் முழங்காலிட்டு, வெளியே வாக்கா என்று கெஞ்சினான். அவள் ஒரு காலை வாசலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். வெளியே வந்த பாதம் துணியைப் போலத் தொங்கியது. உள்ளே இழுத்துக்கொண்டாள். உதடு அசைந்து சற்று நேரம் கழித்துத்தான் குரல் வந்து சேர்ந்தது.

"வெளிய வந்தா படுத்துருவேன்டா. இங்க நின்னுக்குறேன்."

சவ வண்டிக்காரர் வந்ததற்கு ஏதாவது செய்யலாம் என்று, கிழிந்திருந்த தன் சட்டையை உள்ளே நீட்டினார். அவளே நடந்து வந்து வாங்கிக்கொண்டாள். மறுநாள் தையல்காரர் தைத்துக் கொடுக்க, வண்டிக்காரர் வாங்கிப்போன சட்டை நன்றாகக் காய்ந்திருந்தது. இப்போது தெருவில் எல்லோருக்கும் அங்கேதான் தையல். தைத்து வந்த உடுப்பைக் காதோரம் வைத்தால் உள்ளே எதுவோ மெதுவாக அலையடிக்கும். போடப் போடப் பழகிவிட்டது.